பழைய மரம் வேறு, பழைய பீரோ வேறு

கேள்வி: மதுரை ஐயர் பங்களா பக்கம் புது வீடு கட்டியிருக்கிறோம். காரைக்குடி அருகே ஒரு பழைய வீட்டில் ஆளுயரக் கண்ணாடி வைத்த மர பீரோ இருப்பதாகத் தரகர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார். ‘120 வருஷத்துப் பர்மா தேக்கு, 85,000 ரூபாய், இன்றைக்கே 20,000 அட்வான்ஸ் கொடுத்தால்தான் நிற்கும்’ என்கிறார். உண்மையிலேயே பழசுதானா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா? மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பிற்பாடு அங்கே அனுப்பவும் யோசனை இருக்கிறது.

பதில்: அந்த 20,000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். 120 வருஷம் நின்ற பீரோவுக்கு இன்னும் ஒரு வாரம் நிற்கத் தெரியும்.

செட்டிநாட்டில் பழைய மரத்துக்குப் பஞ்சமே இல்லை. வீடு இடிக்கும்போது உத்திரம், தூண், கதவு நிலை எல்லாம் லாரி லாரியாக வெளியே வருகின்றன. அவற்றைப் பலகையாக அறுத்து, இரண்டு மாதத்துக்கு முன் கூட்டிய பீரோக்களும் சந்தையில் நிற்கின்றன. மரம் நூறு வருஷத்து மரம்தான், அதில் பொய் இல்லை. பீரோவுக்குத்தான் வயது இரண்டு மாதம். ஆகவே மரம் பழசா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தப் பலகைகள் அன்றைக்கே பீரோவாகச் சேர்ந்தவையா என்று பாருங்கள்.

முகப்பில் அதற்கு விடை கிடைக்காது. முகப்பு பாலிஷ்காரர் கைவண்ணம். முதுகு, அடிப்பக்கம், உள்பக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். பகல் நேரத்தில், தரகர் இல்லாமல், பழக்கமான ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் டார்ச், காந்தம், குண்டூசி, உப்புத்தாள் துண்டு, அளவு டேப் போதும்.

முதலில் இழுப்பறை. முழுதாக வெளியே உருவித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவால் மாதிரி வெட்டிக் கோத்திருப்பார்கள். கையால் வெட்டியதென்றால் ஒரு பல் சற்று அகலம், ஒரு பல் சற்று ஒல்லி என்று இருக்கும். பல்லின் அடியில் அளவு குறித்த மெல்லிய கீறலும் தெரியும். எல்லாப் பல்லும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. அடுத்து, பக்கப்பலகையின் கீழ்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பல பத்தாண்டு இழுத்து மூடிய இழுப்பறையில் அந்த விளிம்பு பின்பக்கமாகத் தேய்ந்து சரிந்திருக்கும். அது ஓடும் கட்டை முன்பக்கத்தில் குழிந்திருக்கும். விளிம்பு கத்திபோல் நேராக இருந்தால் அந்த இழுப்பறையை யாரும் இழுத்ததே இல்லை. தேய்மானத்தைப் பொய்யாகச் செய்வது கஷ்டம், அதனால் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை.

பிறகு முதுகு. பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள். ‘வெயிட்டு சார், நகராது’ என்று சொன்னால் அங்கேயே விடைபெறலாம். பின்பலகை பிளைவுட்டாக இருந்தால் 120 வருஷக் கதை முடிந்தது. மரப்பலகை என்றால் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கை இழைப்புளி ஓடிய பலகையில் மரத்தின் ஓட்டத்தோடு நீள நீளமாக, லேசான பள்ளங்கள் உள்ளங்கைக்குத் தட்டுப்படும். மெஷின் இழைத்ததில் குறுக்காக, நெருக்கமான அலைவரி தெரியும். அறுத்த தடம் வளைந்து பிறைபோல் இருந்தால் வட்ட ரம்பம். அப்போது உடனே பழசில்லை என்று தள்ளாதீர்கள், கேள்வியை மட்டும் கூட்டுங்கள்.

உள்பக்கத் தட்டுகளில் காரணம் இல்லாத துளைகளைத் தேடுங்கள். தட்டின் நடுவில் மரச்செருகு வைத்து அடைத்த சதுரத் துளை எதற்கு? அது கதவு நிலையில் கொண்டி மாட்டிய இடம். பக்கப்பலகையில் அரை அங்குல ஆழத்துக்கு வெட்டி நிரப்பிய பள்ளம் எதற்கு? அங்கே ஒரு சட்டம் உட்கார்ந்திருந்தது. பழைய உத்திரத்தின் ஜாதகம் இப்படித்தான் வெளியே வரும். பழைய பீரோக்களின் உட்புறத்தில் பாலிஷ் போடும் வழக்கம் பொதுவாக இல்லை. உள்ளேயும் கறுப்பாகச் சாயம் ஏற்றியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

திருகாணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள், நல்ல சாமானைத் தள்ளியும் விடுகிறார்கள். தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்குரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 120 வருஷத்துப் பீரோவில் அது இருக்க முடியாது என்பது விதி. ஆனால் கீல் மாற்றினால்? நூறு வருஷத்தில் கீல் ஒன்றிரண்டு முறை மாறியிருக்கலாம். வீட்டில் இருந்தவர்கள் கடைத்தெருவில் கிடைத்த ஸ்குரூவைத்தான் போட்டிருப்பார்கள். அதைத் தப்பென்று சொல்லக்கூடாது. ஆகவே ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். கீலுக்கு அடியில் பழைய கீல் உட்கார்ந்த நிழல், அளவு மாறிய பள்ளம், குச்சி செருகி அடைத்த பழைய துளை இவை இருந்தால் பீரோ பழசு, கீல் புதுசு. பயப்பட வேண்டாம். கீலுக்கு அடியில் மரம் பளிச்சென்று, ஒரே ஒரு ஜோடித் துளையோடு இருந்தால் அந்தக் கதவுக்கு அதுதான் முதல் கீல். அப்போது கதவு எப்போது பிறந்தது என்று அந்த ஸ்குரூவே சொல்லிவிடும். பூட்டுக்கும் இதே கணக்கு. பித்தளைப் பிடி என்று சொல்வதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

உளுத்த துளைகளைக் காட்டி ‘பழசுக்கு இதுதான் அத்தாட்சி’ என்பார்கள். தேக்கின் வைரப் பகுதியில், அதாவது உள்ளே முற்றிய மரத்தில், உளு அவ்வளவு எளிதில் ஏறாது, ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான் ஏறும். வைரம் பாய்ந்த பலகையின் நடுவில் துளை துளையாக இருந்தால் ஒன்று அது தேக்கே இல்லை, அல்லது டிரில்லின் வேலை. குண்டூசியை விட்டுப் பாருங்கள். பூச்சி போன வழி வளையும், ஊசி முட்டும். நேராக ஆணியடித்ததுபோல் இறங்கினால் பூச்சி குடைந்தது இல்லை.

கண்ணாடியைப் ‘பெல்ஜியம்’ என்பார்கள். பழைய கண்ணாடியின் கறுப்புப் புள்ளிகள் ஓரத்திலிருந்து உள்ளே பரவும், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. நடுவில் மட்டும் அழகாகத் தெளித்ததுபோல் இருந்தால் ஆசிட். கண்ணாடி மாறியிருந்தாலும் பரவாயில்லை, அதற்கான விலையைக் குறையுங்கள்.

தேக்குதானா என்ற சந்தேகத்துக்கு, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. தோல் பையை முகர்ந்ததுபோன்ற எண்ணெய் வாசம் வரும், விரலில் மெழுகுபோல் வழுக்கும். பர்மா தேக்கா, நிலம்பூர்த் தேக்கா என்று பார்த்தவுடனே சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டும் ஒரே இன மரம். தேக்குதான் என்று எழுத்தில் உறுதி வேண்டுமென்றால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு சிறு துண்டு மரம் அனுப்பலாம். தெருவுக்குத் தெரு தங்கத்தை உரசிப் பார்க்க ஆள் இருக்கிறார். லட்ச ரூபாய் மரத்தைச் சோதிக்க அப்படி ஆள் இல்லை. ‘சர்டிபிகேட் தருகிறோம்’ என்று கடைக்காரர் நீட்டும் காகிதம் அவர் பிரிண்டரில் எடுத்தது, அவ்வளவுதான்.

வடிவமும் வயது சொல்லும். மூலைகள் வளைந்து, சித்திரவேலை குறைந்து, நெட்டுக்குத்தான கண்ணாடியோடு இருந்தால் அது 1930, 40-களின் பாணி. பர்மாவோடு நகரத்தார் வியாபாரம் 1942-இல் ஜப்பானியர் நுழைந்ததும் நொறுங்கியது. அதற்கு முன் செய்ததென்றாலும் எண்பது, தொண்ணூறு வருஷம் ஆகிறது. கௌரவமான வயதுதான். 120 என்பது வயதில்லை, விலைக்குச் சொல்லும் எண்.

இனி அந்தத் தரகர். கடையில் விலைபோகாத சாமானைப் பழைய வீட்டு வளவில் கொண்டுபோய் வைத்து, ‘வீட்டுக்காரங்க அவசரமா கொடுக்கிறாங்க’ என்று காட்டுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. தூசியும் தூணும் சேர்ந்தால் சாமானுக்குப் பரம்பரை வந்துவிடுகிறது. பீரோவை நகர்த்தியதும் அடியில் தரையைப் பாருங்கள். பல வருஷம் நின்ற இடத்தில் கால் பதிந்த தடமும், சுவரில் அதன் உருவத்துக்கு நிறம் மாறிய நிழலும் இருக்கும். நேற்று வந்ததற்கு எதுவும் இருக்காது. தரகர் உங்களிடம் கமிஷன் இரண்டு சதவீதம் என்பார். விற்பவரிடம் வாங்குவதைச் சொல்ல மாட்டார். நேராகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழஞ்சாமான் கடைகளுக்கே போய் நாலு பீரோவைத் திறந்து மூடிவிட்டு வந்தால் உங்கள் கண்ணே பாதி பழகிவிடும்.

உண்மையிலேயே வீட்டுச் சாமான் என்றால் வேறொரு சிக்கல். அந்த வீடுகள் பெரும்பாலும் பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் விற்று, இன்னொருவர் போலீசுக்குப் போனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். விற்பவரின் கையெழுத்து, முகவரி, மற்ற பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

சிங்கப்பூர் விஷயம்தான் உங்களுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகிவிடும். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. தரகரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: ‘மகன் சிங்கப்பூர் கொண்டுபோகலாமா?’ ‘தாராளமா, பேப்பர் நான் ரெடி பண்றேன்’ என்றால், 120 வருஷமும் பொய், அல்லது அந்தப் பேப்பர் பொய். காலையில் 120 என்று சத்தியம் செய்தவரே சாயங்காலம் 40 வருஷம் என்று எழுதிக் கொடுப்பார். வயது குறைவான பொருளை அனுப்பவும், சந்தேகம் வந்தால் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையில் நீங்களேதான் வாங்க வேண்டும். ஓர் ஒடிந்த மரக்கட்டிலுக்கும் வரிசையில் நிற்க வைக்கிறது இந்த ஏற்பாடு. திருட்டுச் சிலை மட்டும் எப்படியோ கப்பல் ஏறிவிடுகிறது.

பீரோவோடு ‘சும்மா வச்சுக்கோங்க’ என்று தேர்ப் பொம்மையோ, சாமி வாகனத்தின் கையோ காலோ கொடுத்தால் தொடாதீர்கள். அது கோயில் சொத்தாக இருக்கும். பழைய மரச் சிற்பத்துக்குப் பதிவும் வேண்டும். தந்தம் பதித்த சாமானும் வேண்டாம்.

விலைக்கு வருவோம். ஆறரை அடி உயரம், நாலடி அகலம், இருபது அங்குல ஆழமுள்ள பீரோவில் முக்கால் அங்குலப் பலகைக் கணக்கில் ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கன அடி மரம் இருக்கும். இன்றைய தேக்கு விலையால் அதைப் பெருக்கி, ஆசாரி கூலியைச் சேருங்கள். இடித்த வீட்டு மரத்தில் கூட்டிய பீரோவுக்கு அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. அதையும் வாங்கலாம், மரம் நல்ல மரம், வீட்டில் நன்றாகவே உழைக்கும். பழசின் விலையைத்தான் கொடுக்கக் கூடாது. அசலாக இருந்து, மேற்பாதி ஒரு பீரோ, கீழ்ப்பாதி வேறு பீரோ என்று இணைத்ததாக இல்லாமல் இருந்தால் மட்டும் கூடுதலாகப் பேசுங்கள். மேல்பாகத்தின் பின்பலகையும் கீழ்ப்பாகத்தின் பின்பலகையும் ஒரே நிறம், ஒரே இழைப்பா என்பதில் அது தெரிந்துவிடும்.

பில்லில் ‘பழைய மரச் சாமான்’ என்று ஒற்றை வரி எழுதி முடிப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ன மரம், எந்தக் காலம், மாற்றிய பாகங்கள் எவை, சொன்னது தவறானால் பணம் திரும்ப, இந்த நாலும் எழுத்தில் வரட்டும். எழுத மறுக்கும்போது விலை தானாக இறங்குவதையும் கவனியுங்கள்.

எல்லாம் சரியாகி வாங்கினால், குட்டியானை சொல்வதற்கு முன் உங்கள் வாசற்படி, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் டேப்பால் அளந்துவிடுங்கள். பழைய பெரிய பீரோக்களில் மேல்மகுடம் பல நேரம் தனியாகத் தூக்கி எடுக்க வரும். கண்ணாடிக் கதவைக் கீலோடு கழற்றிப் போர்வையில் சுற்றி, படுக்க வைக்காமல் நிற்க வைத்து மேலூர் வழியாகக் கொண்டுவாருங்கள்.