அப்டேட்டுக்குப் பிறகு தளம் திறக்கவில்லையா?

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையின் தளம் வேர்ட்பிரஸ்ஸில், வாடகை சர்வர் ஒன்றில் ஓடுகிறது. சர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04-ஐ 22.04-க்கு மாற்றினேன். ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து '502 பேட் கேட்வே' என்றே வருகிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை அழித்துவிட்டு மறுபடி நிறுவலாமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: வேண்டவே வேண்டாம். முதல் வேலையாக ஃபயர்வாலை மறுபடி போட்டுவிடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 502 என்ற பதிலை அனுப்புவதே என்ஜின்எக்ஸ்தான். அப்படியென்றால் உங்கள் பிரவுசர் சர்வர் வரை போய்விட்டது, அதன் நுழைவாசலான போர்ட் திறந்திருக்கிறது, என்ஜின்எக்ஸும் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் இருந்து வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஎச்பியிடம் அது கேட்கப்போனால் அங்கே ஆளில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஏன் ஆளில்லை? உபுண்டு 20.04-இல் வருவது பிஎச்பி 7.4, 22.04-இல் வருவது 8.1. என்ஜின்எக்ஸ் பிஎச்பியோடு பேசும் சாக்கெட் கோப்பின் பெயரிலேயே இந்த எண்ணும் சேர்ந்திருக்கும். சிஸ்டம் மாறியதும் 7.4 போய்விட்டது, ஆனால் உங்கள் தளத்துக்கான கான்ஃபிக் கோப்பு நீங்கள் கைப்பட எழுதியது என்பதால் அதை யாரும் தொடவில்லை, அது இன்னமும் 7.4-ஐயே தேடிக்கொண்டிருக்கிறது. என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறந்து கடைசி சில வரிகளைப் பாருங்கள். 7.4 சாக்கெட்டின் பெயரைச் சொல்லி, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை. கான்ஃபிக்கில் ஃபாஸ்ட்சிஜிஐ பாஸ் என்று தொடங்கும் வரியில் 7.4-ஐ 8.1 ஆக்கி, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். ஒன்று கவனம்: கான்ஃபிக்கைச் சோதிக்கும் கட்டளை இந்தத் தப்பைக் கண்டுபிடிக்காது, அது எழுத்துப் பிழையைத்தான் பார்க்கும், சாக்கெட் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காது.

8.1-இன் எஃப்பிஎம் பொதியே (என்ஜின்எக்ஸுக்காக பிஎச்பியை ஓட்டுவது இதுதான்) இல்லையென்றால் அதை நிறுவுங்கள், கூடவே டேட்டாபேஸோடு பேச உதவும் மைஎஸ்கியூஎல் நீட்சியையும். இந்த இடத்தில்தான் பலர் அடுத்த வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். வெறுமனே 'பிஎச்பி' என்ற பொதியை மட்டும் கேட்டால் உபுண்டு துணைக்கு அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும், அடுத்த ரீஸ்டார்ட்டில் அது முந்திக்கொண்டு போர்ட் 80-இல் உட்கார்ந்தால் அப்புறம் என்ஜின்எக்ஸ் கிளம்பவே கிளம்பாது. அதனால் எஃப்பிஎம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இவ்வளவுக்குப் பிறகு 502 போய் 500 வந்தால் பயப்படாதீர்கள், அது பிஎச்பி 8-க்கு ஒத்துவராத பழைய பிளகின் ஏதாவதாக இருக்கும்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு சில நேரம் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', சில நேரம் 'டைம்டு அவுட்' என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. ரெஃப்யூஸ்டு உடனே வரும்: மெஷின் பதில் சொல்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் கேட்க எந்த நிரலும் இல்லை. பெரும்பாலும் வெப் சர்வர் கிளம்பாமல் நின்றிருக்கும், அதன் ஸ்டேட்டஸைப் பாருங்கள். டைம்டு அவுட் இழுத்துக்கொண்டே போய் வரும்: அனுப்பியது வழியிலேயே காணாமல் போகிறது. அப்போதுதான் ஃபயர்வால் மேல் சந்தேகப்பட வேண்டும், ஹோஸ்டிங் பக்கத்தில் இருக்கும் ஃபயர்வாலையும் சேர்த்து.

கேள்வி: விண்டோஸ் அப்டேட் ஆனதும், சொந்தக் கணினியிலேயே தளம் ஓட்டிப் பார்க்கும் ஸாம்ப் தொகுப்பில் அப்பாச்சி ஸ்டார்ட் ஆகவில்லை. போர்ட் 80-ஐப் பிடித்திருப்பது பிஐடி (ப்ராசஸ் எண்) 4 என்கிறது. அதை எண்ட் டாஸ்க் செய்யலாமா?
- ஒரு கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: ஐயோ, அது விண்டோஸின் 'சிஸ்டம்' தம்பி, அதில் கை வைக்காதே. வேறொரு சேவைக்காக அது போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ்ஸாக இருக்கும். சர்வீசஸ் பட்டியலில் 'வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' ஓடினால் நிறுத்திவிடு. இல்லையென்றால் அப்பாச்சி கான்ஃபிக்கில் லிசன் 80 என்பதை 8080 ஆக்கிவிடு, கல்லூரி புராஜெக்ட்டுக்கு அதுவே போதும். 2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினிக்குள்ளான) இணைப்பையே கெடுத்தது உண்மைதான், ஆனால் அது ஐஐஎஸ் ஆட்களைத்தான் படுத்தியது, அப்பாச்சியை இல்லை.