பார்க்கின்சன்: குளியலறை வாசலில் கால் ஒட்டிக்கொள்வது

தரையில் குறுக்குக் கோடு போடுங்கள். கூடத்தில் நன்றாக நடக்கும் அப்பா குளியலறை வாசலில் மட்டும் பசை போட்டதுபோல் நின்றுவிடுகிறார் என்றீர்களே, அதற்கு முதலில் இதைத்தான் செய்து பார்ப்பேன். தரை நிறத்திலிருந்து பளிச்சென்று தெரியும் டேப், ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, வாசலின் இருபுறமும் நாலைந்து. ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஒட்டினால் பயனில்லை. 1960களிலேயே லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் கவனித்த சங்கதி இது.

கோளாறு காலில் இல்லை. நடையைத் தானாக ஓட்டும் மூளைப் பகுதி தடுமாறுகிறது.

அவர் இப்படி நின்றுவிடும் நேரங்களை ஒரு வாரம் மணி பார்த்துக் குறியுங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையின் அடுத்த வேளைக்குச் சற்று முன்புதான் அதிகம் நிற்கிறாரா? அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

அப்புறம், நின்றதும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உடம்பு முன்னே வரும், பாதம் வராது.