மீண்டும் அதே ஏரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகள் இரண்டாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. என் அம்மா எங்களுடன் இருக்கிறார்.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் கொடைக்கானலுக்கு வந்தோம். வாடகை வண்டி பேசி, ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. மலை ஏறும்போதே மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். பில்லர் ராக் காட்சிமுனையில் மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. மாலையில் எனக்கும் மனைவிக்கும் பெரிய சண்டை வந்துவிட்டது. பள்ளி திறந்ததும், விடுமுறையில் என்ன பார்த்தாய் என்று ஆசிரியை கேட்டதற்கு, "லாட்ஜில் ஒரு நாய் இருந்தது, ஏரிக்கரையில் சோளம் சாப்பிட்டோம்" என்று மட்டும் என் மகள் சொல்லியிருக்கிறாள். செலவழித்த பணத்தை நினைத்து வருத்தமாகிவிட்டது.

இந்த ஆண்டும் மலைக்குப் போகலாம் என்றால், கொலு வைத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்கிறார் அம்மா. தீபாவளிக்குப் போகலாம் என்றால் மழை என்கிறார்கள். பிள்ளைகள் வளரும்வரை பயணங்களை நிறுத்திவிடலாமா? விடுமுறை, பண்டிகை, பயணம் மூன்றையும் எப்படித்தான் சேர்ப்பது?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மகள் ஆசிரியையிடம் சொன்ன பதிலிலிருந்தே தொடங்குகிறேன். அவள் அந்தப் பயணத்தை உங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்திருக்கிறாள். காட்சிமுனை என்று நாம் அழைத்துப்போகும் இடத்தில் குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் தொலைவில் எதையோ விரல் நீட்டிக் காட்டுகிறார்கள், அது கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் ஓட்டுநர் அடுத்த இடத்துக்குக் கூப்பிட்டுவிடுகிறார். சோளக்கதிர் அப்படிப்பட்டதன்று. கரியில் வாட்டி, அரை எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்து அழுத்தித் தேய்த்து, அதன் தோகையோடு கையில் தருகிறார்கள். குளிரில் விறைத்த விரல்களுக்கு அந்தச் சூடு முதலில் இதமாகவும் பிறகு பொறுக்க முடியாததாகவும் இருக்க, கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து, ஊதி ஊதி, உதடு எரிய எரியத் தின்ன வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு இடங்களில் எதுவும் அவளுக்கு அவ்வளவு அருகில் வரவில்லை. ஆகவே பணம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாயும் சோளமும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: இந்த ஆண்டும் அதே இடத்துக்கு வாருங்கள். அடுத்த ஆண்டும் வாருங்கள்.

பண்டிகை ஏன் குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது திரும்பி வருகிறது. செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி பருப்பு வைக்க வேண்டும், மரப்பாச்சிக்கு மேல்படியில் இடம் என்பதெல்லாம் மூன்றாவது ஆண்டில் பிள்ளைக்கே தெரிந்துவிடும். பெட்டியைத் திறக்கும்போது அவள் அந்தப் பொம்மைகளைத் தேடுவாள். சுற்றுலாவை மட்டும் நாம் வேறு விதமாக நடத்துகிறோம். கொடைக்கானல் பார்த்தாயிற்று, இனி மூணாறு, அதற்கடுத்து ஏற்காடு என்று பட்டியலில் ஒவ்வோர் ஊராக அடித்துக்கொண்டே போகிறோம். இளங்குடும்பத்துக்கு இது பொருந்தாத வழக்கம் என்பது என் உறுதியான கருத்து. புதிய ஊரில் பெரியவர்களுக்கே வழி தெரியாது, சாப்பாடு எங்கே என்று தெரியாது, அந்தப் பதற்றம் பிள்ளைகள் மேலும் ஒருவர் மேல் ஒருவரும் கோபமாக விழுகிறது. தெரிந்த ஊருக்குப் போனால் முதல் மணி நேரத்திலேயே பிள்ளைகள் தாமாக ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் இது எப்படித் தற்செயலாக நேர்ந்தது என்று சொல்கிறேன். 2006இல் குறிஞ்சி பூத்தபோது என் மகளுக்கு நான்கு வயது. அவளை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு சரிவெல்லாம் காட்டினார். இறங்கி வரும் வழியில், மலை விளிம்பை ஒட்டிக் கம்பித் தடுப்போடு போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் ஒரு வளைவில் நின்றோம். அவள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தைப் பதித்துக் கீழே பார்த்தாள். அடுத்த ஆண்டு விஜயதசமி விடுமுறையில் வெளியே போகலாம் என்றபோது, "அந்தக் கம்பிக்கு" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த வளைவுக்குப் போனோம். கம்பிகளுக்கு இடையே பார்த்தவள் ஓர் ஆண்டு எம்பிப் பார்த்தாள், பின்னோர் ஆண்டு மேல் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டாள், பிறகு முழங்கையை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். 2018இல் குறிஞ்சி மறுபடி பூத்தபோது அவளுக்குப் பதினாறு வயது. முதல் தடவை பார்த்த பூ எதுவும் நினைவில்லை, அப்பாவின் கம்பளிச் சட்டை கழுத்தில் உறுத்தியதுதான் நினைவிருக்கிறது என்று சொன்னாள். அடுத்த பூப்பு 2030இல். உங்கள் மகள் அப்போது நடுநிலைப் பள்ளியில் இருப்பாள்; அதற்குள் அவளுக்கும் இந்த மலையில் ஒரு கம்பி அமைந்திருக்கட்டும்.

இனி உங்கள் அம்மா. கொலு வைத்த வீட்டில் மாலை விளக்கு ஏற்றாமல் போகக் கூடாது என்று அவர் சொல்வது சரி என்றே நானும் நினைக்கிறேன். கலசம் வைத்து, நாளும் சுண்டல் செய்து, அக்கம்பக்கத்தாரை அழைத்து வெற்றிலை பாக்குக் கொடுக்கும் ஒன்பது நாளை நடுவில் முறித்துக்கொண்டு வந்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும். ஆனால் உங்கள் கடிதத்தில் அம்மா ஒரு தடையாக மட்டுமே வருகிறார். அவரையும் அழைத்துப்போகலாம் என்ற எண்ணம் ஓர் இடத்திலும் இல்லை. விஜயதசமி அன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஆரத்தி எடுத்துவிட்டால் அவருடைய கடமை நிறைவாக முடிகிறது. மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றி அடுக்கிவிட்டு அதற்கடுத்த நாள் ஐந்து பேரும் புறப்படுங்கள். நவராத்திரி தள்ளிவரும் ஆண்டுகளில் காலாண்டு விடுமுறையிலேயே மலைக்கு வந்து திரும்பி, பிறகு கொலுப்படி கட்டலாம். பூசை விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு வந்தால் அறை வாடகையும் குறையும், ஏரிச் சாலையில் நடக்கவும் இடம் இருக்கும்.

கொலுவில் பிள்ளைகளுக்கென்று ஒரு வேலை கொடுங்கள். படிக்கு அருகே பூங்கா அமைப்போம் அல்லவா, அதை முழுக்க அவர்களிடம் விட்டுவிடுங்கள். மகாளய அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு அகலமான தட்டில் மண்ணும் பொடித்த எருவும் பரப்பி, கடுகையும் வெந்தயத்தையும் கேழ்வரகையும் தூவி, கையால் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி வைக்கச் சொல்லுங்கள். மதுரை வெயிலுக்கு இரண்டே நாளில் கடுகு தோலைத் தலையில் தொப்பிபோல் சுமந்துகொண்டு எழுந்துவிடும். எங்கள் குளிரில் அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு நாள் ஆகும் என்பதால் நாங்கள் ஒரு வாரம் முன்பே விதைப்போம். என் மகன் தினமும் அளவுகோலை வைத்து அளப்பான். ஒரு நாள் பொறுக்காமல் முளையைப் பிடித்து மேலே இழுத்து, அது வேரோடு கையில் வந்துவிட, யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி நட்டு வைத்தான். அந்த ஒரு முளை மட்டும் சாய்ந்தே இருந்தது, கடைசி நாள்வரை அவன் கண் அதன்மேல்தான்.

நாள் தேர்வுக்கு மழையும் ஒரு காரணம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் என்று நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள். ஐப்பசியில் அடைமழை என்ற பழமொழி பழனி மலைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டால் காட்ரோடு என்னும் மலைச்சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் வழக்கமான செய்திகள். சிறு பிள்ளைகளோடு தீபாவளிக்கு மலைக்கு வர வேண்டாம் என்பேன். புரட்டாசிக் கடைசியில் மழை விட்டு விட்டுப் பெய்யும், காலையில் வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும், மூடுபனி பிற்பகலில்தான் ஏறி வரும். ஆகவே வெளியே போவதைக் காலையில் வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் அறையில் தூங்குங்கள். நான்கு வயதுப் பையனுக்கு அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் மாலையில் நீங்களும் மனைவியும் சண்டை போடத்தான் வேண்டியிருக்கும்.

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் வாருங்கள். சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுக்க வேண்டும், பேருந்துக்கு அது தேவையில்லை. அதைவிட முக்கியம், ஆயுத பூசை முடிந்த வாரத்தில் பேருந்தின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருக்கும், சிலவற்றில் வாடிய வாழைக்கன்றுகூட இருக்கும்; தங்கள் சைக்கிளுக்குப் பொட்டு வைத்த பிள்ளைகள் பேருந்துக்கும் யாரோ பொட்டு வைத்திருப்பதைக் கண்டுகொள்வார்கள். மகனுக்குப் புறப்படும்முன் பால் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில், சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். எலிவால் அருவி என்று சொல்லும் தலையாறு அருவி டம்டம் பாறையிலிருந்து தெரியும். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் அங்கிருந்து பார்த்தால் மெல்லிய வெள்ளை வாலாகத்தான் தெரியும், எலி எங்கே என்று மகன் கேட்பான். மீதி வளைவுகளைக் கடக்க அந்தக் கேள்வி உதவும்.

மூன்று நாள் தங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரே இடம். முதல் நாள் ஏரி. சுற்றுச்சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், முழுவதும் நடக்க முயல வேண்டாம். படகுத்துறையிலிருந்து பிள்ளைகளின் கால் போகும்வரை போய், அம்மாவுக்கு உட்கார இடம் பார்த்துக் கொடுத்து, சோளம் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். மறுநாள் உள்ளூர்ப் பேருந்திலேயே பூம்பாறைக்குப் போகலாம். அடுக்கடுக்கான வயல்கள் சாலையிலிருந்தே தெரியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊர். அங்கே முருகனுக்குக் குழந்தை வேலப்பர் என்று பெயர். சித்தர் போகர் செய்த சிலை என்பது மரபு. பழனிக்குப் பலமுறை போயிருக்கக்கூடிய உங்கள் அம்மாவுக்கு அதே முருகனை இங்கே குழந்தையாகக் காண்பது பெரிய மகிழ்ச்சியாக இருக்கும், தன்னைப்போல ஒரு சாமி என்று பையனும் கும்பிடுவான். வரும் வழியில் பூண்டு வாங்கிக்கொள்ளுங்கள், தீபாவளிக்குப் பிறகும் வீட்டில் இந்த மலையின் மணம் இருக்கும். பில்லர் ராக்கைப் பார்க்காமல் போனால் ஒன்றும் குறையாது. இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தெருவில் விட வேண்டாம். காட்டுமாடுகள் ஊருக்குள் சாதாரணமாக நடமாடுகின்றன, பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும் அருகே போகக் கூடாது.

தீபாவளியை மதுரையிலேயே கொண்டாடுங்கள். விடியுமுன் அம்மா கையால் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள், சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லத்திலும் நெய்யிலும் கிளறிய லேகியத்தைச் சிறு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுங்கள். பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் நேரம், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே நிறைவானது.

மனைவியுடன் வந்த சண்டையைப் பற்றி ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், விடுமுறைக்குத் துணி அடுக்கியது யார், மருந்தும் மாற்றுத்துணியும் பாலும் நினைவு வைத்து எடுத்தது யார், வாந்தியைத் துடைத்தது யார் என்று அந்த நாளை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். இந்த முறை மகனின் பையை நீங்கள் அடுக்குங்கள். ஒரு காலை முழுவதும் பிள்ளைகளை நீங்களும் அம்மாவும் பார்த்துக்கொண்டு, மனைவியைத் தனியாகக் கோக்கர்ஸ் வாக்கில் நடக்க விடுங்கள்.

அறை எடுக்கச் சென்ற ஆண்டு தங்கிய அதே விடுதியை அழையுங்கள். இடம் இருக்கிறதா என்று கேட்கும்போது, அந்த நாய் இன்னும் அங்கே இருக்கிறதா என்றும் கேட்டு, பதிலை மகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.