புலம்பெயர் எழுத்தில் மலையும் அட்டையும்: கேள்வி பதில்

கேள்வி (ஹற்றன் வாசகர்): எல்லை கடந்தவர்களின் கதைகளில் பறவையே திரும்பத் திரும்ப வருவது ஏன் ஐயா?

பதில்: எளிதில் கைக்கு அகப்படுவதால்தான். பூநாரைகள் மன்னார்க் கரைக்கு வலசை வருவது உண்மையே. ஆனால் கடவுச்சீட்டு இல்லாத பறவை என்று எழுதியவுடன் அடுத்த வரியை வாசகர் ஊகித்துவிடுகிறார். தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் முன்னோரில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, வாந்திபேதிக்கும் யானைக்கும் அஞ்சியபடி, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். அவர்களுக்குச் சிறகு பொருந்தாது.

கேள்வி (மஸ்கெலியா): அட்டையும் பழகிப்போன குறியீடுதானே?

பதில்: 'இரத்தம் குடிக்கும் துரை' என்று தோட்ட நிர்வாகியைச் சாடுவதோடு நிறுத்தினால் பழகியதுதான். அட்டையை உற்றுப் பார்த்தவர் வேறொன்றை எழுதுவார். அது கடிக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. குடித்து உதிர்ந்த பின்னும், அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாததால், கடிவாய் கசிந்துகொண்டே இருக்கும். கொழுந்து நிறுக்கப் போய்ப் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கும்போதுதான் கால் நனைந்திருப்பது தெரியவரும். தோட்டத்துக்கு ஆள் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணி கொடுத்த முன்பணமும் அத்தகையதே. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று பற்றெழுதப்பட்ட கடன் வாங்கிய அன்று உறைக்கவில்லை. பின்னர் 'துண்டு' என்னும் சீட்டில் ஏறி, தோட்டம் மாறியபோதும் கூடவே வந்தது. கங்காணியும் நம்மவரே என்பதால் இக்குறியீடு துரையைக் காட்டிலும் அவருக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. நம் எழுத்தாளர் சிலருக்கு இது கசக்கலாம்.

கேள்வி (பண்டாரவளை மாணவி): குறிஞ்சி நிலத்தைப் பாலையாக எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம் மகளே. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்பது பழைய மரபு. இங்கே அவ்வேலையை வெயில் செய்யவில்லை, சட்டம் செய்தது. நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கூறிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், பசுமை சற்றும் குறையாத மலையைப் பிரிவின் நிலமாக்கின. இந்தியாவுக்குக் கப்பலேறுவோரைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்தது. ஆகவே கதையில் தேயிலையைக் கருகவைக்க வேண்டியதில்லை. கொழுந்து வழக்கம்போலத் துளிர்க்க, அந்த நிரையில் வேறொருத்தி நின்றாலே போதும்.

கேள்வி (மாத்தளை): சிறுத்தையை அதிகாரத்தின் குறியீடாக்கலாமா?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. இன்றைய மலையகத்தில் அது தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத்துண்டுகளில் ஒடுங்கி வாழ்கிறது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிக்கிச் சாகிறது. அதிகாரத்தைவிட, இருப்பிடம் பறிபோனவர்களுக்கே அது நெருக்கமானது.