எல்இடி, ஓஎல்இடி இரண்டும் இருக்கும்போது கனிமமும் கரிமமும் கலந்த ஒளி உமிழி எதற்கு?

நல்ல கேள்வி. இரண்டிலும் ஒரு குறை இருப்பதால்தான்.

சாதாரண எல்இடி நன்றாக உழைக்கும். ஆனால் அதன் காலியம் நைட்ரைடு படிகத்தைச் சுமார் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வளர்க்க வேண்டும். ஓஎல்இடியின் கரிமப் பொருளை வளையும் பிளாஸ்டிக்கிலும் பூசலாம், ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் கெட்டுவிடும். கலப்புக் கருவியில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத நேர்மின் காலியிடங்களை, கரிமப் பாலிமர் கொண்டுவரும், எலக்ட்ரான்களைத் துத்தநாக ஆக்சைடு நானோதுகள்கள் கொண்டுவரும். இரண்டும் நடுவிலுள்ள குவாண்டம் புள்ளிகளில் (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்திப் படிகங்களில்) சேரும்போது ஒளி பிறக்கும்.

1994-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் வேதியியலாளர் அலிவிசாட்டோஸின் குழு காட்மியம் செலினைடு நானோபடிகங்களையும் பாலிமரையும் அடுக்கி இப்படியொரு கலப்புக் கருவியைச் செய்து காட்டியது. குறைந்த மின்னழுத்தத்தில் படிகம் ஒளிர்ந்தது. அழுத்தத்தைக் கூட்டினால் பாலிமரின் பச்சை ஒளி மேலோங்கியது. எலக்ட்ரானும் துளையும் எந்த அடுக்கில் சந்திக்கின்றன என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உயிர்நாடி அதுதான். நன்றாக ஒளிரும் பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது.

சிக்கல் என்னவென்றால், துத்தநாக ஆக்சைடு எலக்ட்ரான்களை மளமளவென்று தள்ளிவிடும், பாலிமரில் துளைகள் மெதுவாகத்தான் நகரும். புள்ளிக்குள் எலக்ட்ரான் மிஞ்சினால் ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகிப் போகும். 2014-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளிகளுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் இடையே சில நானோமீட்டர் தடிமனில் அக்ரிலிக் பாலிமரைப் பூசினார்கள். அது மின்கடத்தாப் பொருள்! எலக்ட்ரான்களின் வேகத்துக்கு அது அணை போட்டது. சிவப்பு ஒளியில் வெளிக் குவாண்டம் திறன் (செலுத்தும் எலக்ட்ரான்களில் எத்தனை சதவீதத்துக்கு ஒளித்துகள் வெளிவருகிறது என்ற அளவு) 20.5 சதவீதத்தைத் தொட்டது. தடையைக் கூட்டித் திறனை உயர்த்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கடைகளில் கியூஎல்இடி என்று விற்கும் பெரும்பாலான டிவிகள் இந்த வகையல்ல. அவற்றில் நீல எல்இடியின் ஒளியைக் குவாண்டம் புள்ளிப் படலம் வேறு நிறமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். புள்ளிகளுக்கே நேரடியாக மின்சாரம் கொடுக்கும் கருவிக்கு நீல நிறம்தான் பெரிய தடை. நீலப் புள்ளிக்குள் பாலிமரிலிருந்து துளையை ஏற்றுவது இன்னும் கடினம். அதனால் தேங்கும் எலக்ட்ரான்கள் கரிம அடுக்குக்குள் கசிந்து அதையே சிதைக்கின்றன.