ஓடிக்கொண்டு அடித்தால் பந்து ஏன் கண்ணாடிக்குப் போகிறது?

கேள்வி: அண்ணை, நான் பட்மின்டன் விளையாடி வளர்ந்தவன். இப்போது கொழும்பில் வேலை, சனி ஞாயிறு அலுவலகப் பெடியளோடு பாடெல் (கண்ணாடிச் சுவர் சூழ்ந்த திடலில் ஆடும் டென்னிஸ் மாதிரி ஆட்டம்) விளையாடுகிறேன். நின்று அடித்தால் பந்து நினைத்த இடத்துக்குப் போகிறது. ஓடிக்கொண்டு அடித்தால் வலையில் மாட்டும், இல்லாவிட்டால் நேரே எதிர்ப்பக்கக் கண்ணாடியில் படும். என்ன செய்யலாம்?
- வாசகர், கொக்குவில்

பதில்: நிலத்தில் குத்தாமல் கண்ணாடியில் பட்டால் புள்ளி எதிராளிக்கு, அது உமக்கே தெரியும். ஓடி வரும்போது உடம்பின் வேகமும் பந்துக்குள் போகிறது தம்பி, அதற்கு மேல் கையையும் முழுதாக வீசினால் பந்து வேறெங்கே போகும்? மட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகாமல், உடம்புக்கு முன்னால் வைத்தபடியே ஓடிப்போய் சின்னதாகத் தள்ளிவிட்டால் போதும். மணிக்கட்டைச் சுண்டுகிற பட்மின்டன் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வாரும்.

வலையை நோக்கி ஓடுகிறவர்கள் பலர் ஓடிக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். எதிராளியின் மட்டை பந்தில் படப்போகும் நேரம் நீர் பாதி வழியில் நின்றாலும் பரவாயில்லை, காலை அகட்டி ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, கிளித்தட்டில் கோட்டில் மறிக்கிறவன் மாதிரி எந்தப் பக்கமும் சாயாமல் நில்லும். பிறகு எந்தப் பக்கமும் பாயலாம்.

எதிராளி பந்தை உம்முடைய தலைக்கு மேலால் தூக்கிப் போட்டால் பின்பக்கமாகவே ஓடாதேயும், விழுவீர். பக்கவாட்டில் திரும்பி, காலைக் குறுக்கே வைத்துப் போய், பந்தை வெட்டி ஆழமாக அனுப்பும்; இதைத்தான் பண்டேஹா என்கிறார்கள், நகர்ந்துகொண்டே அடிப்பதற்கென்றே வந்த அடி. பட்மின்டன்காரருக்கு ஸ்மாஷ் அடிக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் பின்னால் போய்க்கொண்டே ஓங்கி அடித்தால் பந்து நிலத்தில் குத்தி எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிராளி வசதியாக அடிக்கிற உயரத்துக்கு வந்து நிற்கும்.

இன்னொன்று, உம்முடைய பக்கம் 10 மீட்டருக்கு 10 மீட்டர்தான், அதிலும் இரண்டு பேர். என் கணிப்பில் நீர் தேவைக்கு மேல் ஓடுகிறீர். தாண்டிப் போகிற பந்தைத் துரத்தாமல் போகவிட்டு, உம்முடைய பின்பக்கக் கண்ணாடியில் பட்டு வரும்போது அதோடு சேர்ந்து முன்னே வந்து அடித்துப் பாரும். அதற்கும் நேரமில்லை என்றால் உயரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு உம்முடைய இடத்துக்குப் போம்.

அப்புறம், மட்டையின் கயிற்றைக் கையில் மாட்டும். விதியும் அதுதான், வியர்த்த கையோடு ஓடி அடிக்கும்போது கூட விளையாடுகிறவரின் மண்டைக்கும் நல்லது.