இரண்டு கேஷ்: ஆங்கிலச் சொற்களின் பிறப்பு பற்றிய கேள்வி பதில்

ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதுக்கு ஒன்றுபோல் கேட்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. ஒரு சொல் எந்தக் காலத்தில், எந்த வடிவில், எந்தப் பொருளில் முதலில் எழுதப்பட்டது என்று பாருங்கள். அதுதான் சாட்சி.

கேள்வி: நைஸ் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் முட்டாள் என்று பொருள் இருந்ததாமே? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

உண்மைதான் அம்மா. லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மூடனைக் குறித்தது. பிறகு சின்ன விஷயத்துக்கும் முகம் சுளிப்பவர், எதிலும் நுணுக்கம் பார்ப்பவர் என்று பொருள் நகர்ந்தது. நுணுக்கம் பார்ப்பவரிடமிருந்து நுண்மைக்கு நகர்ந்தது. இனிமையான, நல்ல என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மாவு மில்லில் நாம் "நைஸாக அரைத்துக் கொடுங்கள்" என்கிறோமே, அங்கே இனிமைக்கு வேலையில்லை, நுண்மைதான் பொருள்.

சில்லி என்ற சொல் இதற்கு நேர் எதிராக நடந்தது. பழைய ஆங்கிலத்தில் அது பேறு பெற்றவன், மகிழ்ச்சியானவன். பிறகு அப்பாவி, பிறகு பரிதாபத்துக்குரியவன், கடைசியில் அசடு. இன்று துர்நாற்றத்தைக் குறிக்கும் ஸ்டிங்க் என்ற சொல்லும் முதலில் நல்ல மணம், கெட்ட மணம் இரண்டையும் குறித்தது. இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. கற்பூரம் நாறுமோ என்று ஆண்டாள் கேட்டபோது நாற்றம் நறுமணமாகத்தான் இருந்தது.

கேள்வி: நான்கு திசைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் நியூஸ் என்று வகுப்பில் சொன்னார்கள். சரியா? (கல்லூரி மாணவர், சேலம்)

தவறு, தம்பி. நியூ என்றால் புதியது. நியூஸ் என்றால் புதியவை. பிரெஞ்சு மொழியும் புதியவை என்ற சொல்லைத்தான் செய்திக்கு வைத்திருக்கிறது. பழைய ஏடுகளில் நியூஸ் என்ற சொல்லின் நடுவே இன்னொரு ஈ எழுத்தும் வரும். அந்த ஐந்தாவது எழுத்துக்கு எந்தத் திசையைச் சொல்வது?

முதலெழுத்துக் கதைகளை நம்பாதீர்கள். 20ஆம் நூற்றாண்டுக்கு முன் அப்படிப் பிறந்த சொற்கள் மிக அரிது. டிப் (சேவைக்குத் தரும் சிறு பணம்), பாஷ் (ஆடம்பரமான) ஆகியவற்றுக்குச் சொல்லப்படும் முதலெழுத்துக் கதைகளும் பின்னால் கட்டியவையே. ஓகே ஓர் உண்மையான விதிவிலக்கு. ஆல் கரெக்ட் என்பதை விளையாட்டுக்காக வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்று அச்சிட்டது. ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய நாளிதழ்களைப் புரட்டி அதை நிறுவினார். தேதியோடு சாட்சி இருப்பதால்தான் அதை ஏற்கிறோம்.

கேள்வி: அதிகப் பொருள்கள் உள்ள ஆங்கிலச் சொல் எது? (கோவை)

நெடுங்காலம் செட் என்ற சொல்லைச் சொல்லிவந்தார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியின் திருத்தப் பணியில் ரன் என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. நம்முடைய பிடி என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள்: சளி பிடிக்கிறது, பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறார்கள், வேலை நேரம் பிடிக்கிறது, பாட்டு மனதுக்குப் பிடிக்கிறது. அன்றாடம் புழங்கும் சின்னச் சொல்தான் இப்படிக் கிளை விடும்.

கேள்வி: கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்துதானே போனது? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)

ஐயா, ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டுக்கும் எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. கையிலுள்ள ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சின் கேஸ், இத்தாலியனின் காஸா ஆகியவற்றின் வழி வந்தது. அவற்றுக்கு மூலம் லத்தீனின் காப்ஸா, அதாவது பெட்டி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு நிலைத்துவிட்டது. இன்னொரு கேஷ், கிழக்கு நாடுகளின் சிறு நாணயம். அது நம்முடைய காசு.

கேள்வி: ஒன் என்பது ஒன்று, எய்ட் என்பது எட்டு. இது தற்செயலா? (இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து)

தற்செயல்தான். ஒன் என்பதன் பழைய வடிவம் ஆன். தொடக்கத்தில் ஒலிக்கும் வகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அலோன், ஓன்லி இரண்டிலும் இதே சொல் வகரம் இல்லாமல் இன்னும் இருக்கிறது. எய்ட் பழைய ஆங்கிலத்தில் எயஹ்த. அதன் உறவினர் லத்தீனின் ஒக்டோ, சமஸ்கிருதத்தின் அஷ்ட. உண்மையான உறவுச் சொற்கள் பின்னோக்கிப் போகப் போக நெருங்கும். இவை பின்னோக்கிப் போகப் போக விலகுகின்றன.

கேள்வி: ராஜராஜன் கல்வெட்டிலேயே காசு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு பழைய சொல்லை விட்டுவிட்டு நேற்று வந்த பிரெஞ்சுப் பெட்டியைக் கொண்டாடுகிறீர்களே! (மீண்டும் மதுரை)

தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு இருப்பது எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு சொல் பழையது என்பதால் அது இன்னொன்றுக்குத் தாய் ஆகிவிடாது. போன வழி தெரிய வேண்டும்.

காசு போன வழி தெளிவாகவே தெரிகிறது. போர்ச்சுக்கீசியர் நம் கரையில் காசு என்று கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் கைஷா என்று பெயர். அந்தப் பழகிய வடிவத்திலேயே இந்த நாணயத்தையும் எழுதிவைத்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தை ஆங்கில நூல்கள் இன்றும் கேஷ் என்றுதான் சொல்கின்றன. சீனர் அதை அப்படி அழைக்கவில்லை. தமிழ்க் கரையில் பிடித்த பெயரைப் போர்ச்சுக்கீசியர் கிழக்கே கொண்டுபோனதால் வந்தது அது.

சென்னைக் கோட்டையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இப்படித்தான் எழுதப்பட்டது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலக் கணக்கேடுகளில் அவை கேஷ், ஃபனம், பகோடா. 1818 வாக்கில் ரூபாய் வரும்வரை இது நீடித்தது.

நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் 1808ஆம் ஆண்டின் இருபது காசுச் செம்பு நாணயம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் இரு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், அடியில் ஆண்டு. திருப்பினால் பாரசீக எழுத்து. அதன் கீழ் ரோமன் எண்ணில் இரண்டு எக்ஸ், பக்கத்தில் கேஷ். விளிம்பு முழுக்க உப்புநீர் தின்ற புள்ளிகள். பர்மிங்காமில் அச்சடித்து நமக்காக ஏற்றிய நாணயங்களோடு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மீட்ட நாணயங்களில் அதுவும் ஒன்று. நம் சொல் பர்மிங்காம் அச்சில் பொறிக்கப்பட்டதை விரலால் தடவிப் பார்த்தேன் ஐயா. இத்தனை உறுதியான உரிமை கையில் இருக்கும்போது, பெட்டியின் பிள்ளையையும் நம் பிள்ளை என்று ஏன் வழக்காட வேண்டும்?

கேள்வி: விண்டோ என்பதற்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டா? (யாழ்ப்பாணம்)

உண்டு. பழைய நார்ஸ் மொழியில் விண்ட்அவ்கா, காற்றின் கண். வைக்கிங்குகள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சிலப்பதிகாரத்தில் சாளரத்துக்குக் காலதர் என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கடன் வாங்காமலே இரு மொழிகளும் காற்றை வைத்தே பெயரிட்டிருக்கின்றன. ஜன்னல் மட்டும் போர்ச்சுக்கீசியரின் ஜனேலா.

கேள்வி: அரிசிதான் ரைஸ், இஞ்சிதான் ஜிஞ்சர் என்கிறார்களே?

இஞ்சிக்கு ஆம். இஞ்சி, வேர் என்ற நம் சொற்கள் பாலி, கிரேக்கம், லத்தீன் எனக் கைமாறிப் போயின. ரைஸ் கிரேக்கத்தின் ஒருஸா வரை உறுதி. அதற்கப்பால் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கேள்வி: ஆங்கிலம் தயங்காமல் பேச என்ன வழி?

அது என் துறை இல்லை. பேச்சுப் பயிற்சி தருபவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஃபைவ், ஐந்து. ஒலி ஒத்துப்போகிறதே?

ஒன், எய்ட் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே போர்ச்சுக்கீசியர் வந்துவிட்டார்கள். அவர்கள் எடுத்துப்போன காசு ஐரோப்பா முழுக்கப் பரவி, பிறகு இங்கிலாந்தில் கேஷ் ஆகியிருக்கலாமே? (மூன்றாம் முறை, மதுரை)

நல்ல கேள்வி. முந்தைய இரண்டையும்விட வலுவானது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். இத்தாலிய வணிகர்களின் கணக்கேடுகளில் காஸா என்ற பணப்பெட்டிக் கணக்கு அதற்கு முன்பே இருக்கிறது. அது லத்தீனிலிருந்து நேராக வந்த சொல். மேலும், காசிலிருந்து வந்திருந்தால் ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் நாணயமாக மட்டும் இருந்திருக்கும். நாணயத்தின் பெயர் பெட்டிக்கு ஏன் போக வேண்டும்?

யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த, இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களின் அகராதியான ஹாப்சன் ஜாப்சனும் நாணயத்தைக் குறிக்கும் கேஷைத்தான் காசோடு சேர்க்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் அறிந்தவர். காசுக்கு உரியதைக் காசுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒப்புக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகள் நான் கேஷியர். அந்தப் பெயராவது எங்கிருந்து வந்தது? (மதுரை)

பெட்டியிலிருந்துதான் ஐயா. பணப்பெட்டியின் பொறுப்பாளர் என்பதே அதன் நேர்ப்பொருள். அதிலும் இரண்டு உண்டு. ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவிநீக்கம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றே வினைச்சொல். அது டச்சு வழியாக வந்தது. அதற்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு உடைத்தல் என்று பொருள். உங்கள் பதவிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.